பெயரைத் தேடாதீர்கள், நிலத்தைத் தேடுங்கள்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமாவாசை தர்ப்பணத்தில் பிதா, பிதாமஹர், ப்ரபிதாமஹர் என்று மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்லுகிறோம். தகப்பனார் காலமானதும் வரிசை ஒரு படி நகர்கிறது. அதுவரை மூன்றாவதாக இருந்தவர் பெயர் விட்டுப்போகிறது. யாராவது ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் பிழைத்தது. இல்லாவிட்டால் அதோடு சரி. நாலாவது தலைமுறைக்கு மேல் யார் என்று நம் அங்கத்தினர்கள் பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "தஞ்சாவூர் ராஜா மானியம் கொடுத்து உட்கார்த்தி வைத்தாராம்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. ஆனால் தேடலுக்கான வாசல் அந்த மானியம் என்ற சொல்லில்தான் இருக்கிறது.

முப்பத்து நாலு வருஷம் மத்திய சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன் சொல்கிறேன். சர்க்கார் எதையும் பாசத்துக்காக எழுதி வைக்காது, வரிக்காக எழுதி வைக்கும். நம் முன்னோர்கள் யார் என்பதில் கம்பெனிக்கும் அதன் பின் வந்த ராணியின் ஆட்சிக்கும் அக்கறை இருந்ததில்லை. வரியில்லாமல் இத்தனை நிலம் போகிறதே என்ற கவலைதான் இருந்தது. அதற்காகவே 1858-ல் மதராஸ் ராஜதானியில் இனாம் கமிஷன் ஏற்பட்டது. ஊர் ஊராக விசாரித்து எழுதிய இனாம் ரிஜிஸ்டர்கள் இன்றைக்கும் இருக்கின்றன.

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு அருகில், காந்தி இர்வின் சாலையில் உள்ள சிவப்புக் கட்டடத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1909-ல் மதராஸ் ரிக்கார்டு ஆபீஸாக ஆரம்பித்தது. 1973 முதல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அந்த ரிஜிஸ்டர்களைப் பார்க்கப் போக வேண்டிய இடம் அதுதான்.

ரிஜிஸ்டரின் ஒரு பக்கம் இரண்டு முழம் அகலம் இருக்கும் போலத் தோன்றும், அத்தனை கட்டங்கள். நிலத்தின் விஸ்தீரணம், யார் கொடுத்தது, எந்தக் காரணத்துக்கு, முதலில் பெற்றவர் பெயர், இப்போது அனுபவிப்பவர் பெயர், அவர் வயசு, இருப்பிடம், முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு, அவருக்கு வாரிசுகள் யார் என்று போகும். வம்சாவளி எழுதுகிறவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? வயசையும் வாரிசையும் ஏன் கேட்டார்கள் என்றால், வாரிசு இல்லாமல் மானியம் சர்க்காருக்குத் திரும்பும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, அதற்குத் தக்கபடி வரி விதித்து, நிலத்தை நிரந்தரமாக விட்டுக்கொடுத்தார்கள். ஒரு வகையில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரன் போடுகிற கணக்கு.

இனி, எப்படித் தேடுவது. இங்கேதான் பலரும் சலித்துப்போய்த் திரும்புகிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கம் வேறு. ஒரே அக்கிரஹாரத்தில் அரை டஜன் சுப்பிரமணியன், அதே அளவு வெங்கடராமன். பெயரைச் சொல்லித் தேடினால் சிப்பந்தி என்ன செய்வார், பாவம்! நிலத்தைச் சொல்லித் தேட வேண்டும். தாத்தா காலத்துக் கிரயப் பத்திரமோ பட்டாவோ ஒன்று கிடைத்தால் அதில் சர்வே நம்பர் இருக்கும். அதைக் கொண்டு பழைய பைமாஷ் நம்பர், அதிலிருந்து செட்டில்மெண்ட் ரிஜிஸ்டர், அதிலிருந்து இனாம் டைட்டில் டீடு நம்பர் என்று பின்னோக்கிப் போகலாம்.

ஊர் எந்த ஜில்லா என்பதையும் இன்றைய கணக்கில் சொல்லக்கூடாது. எங்கள் ஊர் இப்போது மயிலாடுதுறை மாவட்டம். அந்த மாவட்டம் பிறந்ததே 2020-ல். அதற்கு முன் 1991 முதல் நாகப்பட்டினம். ரிஜிஸ்டரிலோ தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலுகா. திருவாரூர்க்காரர்களும் அப்படியே தஞ்சாவூரில்தான் தேட வேண்டும். பழைய கணக்குகளில் பசலி ஆண்டுதான் இருக்கும். 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய இங்கிலீஷ் வருஷம் வரும். ஜூலையில் தொடங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

எங்கள் பக்கம் கிடைத்தபோது கண்டதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் வழிவழியாக வந்த கதை, என் கொள்ளுத்தாத்தாவின் தகப்பனார் ஏக வாரிசு, மானியம் முழுவதும் அவருக்கே வந்தது என்பது. ரிஜிஸ்டரில் அவர் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் இருந்தது. ஒரு ஸ்திரீயின் பெயர். அவருடைய தம்பியின் விதவை. பாகம் பிரிந்த தம்பி, சந்தானமில்லை, அதனால் அவன் பாதி மனைவி பெயரில். வயசு 19.

அந்த ரிஜிஸ்டரில் மற்றவர்கள் வயசெல்லாம் பெரும்பாலும் 40, 45, 50 என்று ஐந்திலும் பத்திலும் முடிகிறது. உத்தேசமாகச் சொல்லி எழுதியவை. இந்தப் பெண்ணுக்கு மட்டும் 19 என்று குறிப்பாக எழுதியிருக்கிறது. அவள் வயசைச் சரியாக எண்ணி வைத்திருந்தவர் யாரோ அன்று பக்கத்தில் இருந்திருக்கிறார்.

சிறிது நேரம் அடுத்த பக்கம் புரட்ட முடியவில்லை. எனக்கு இரண்டு பெண்கள். நாங்கள் சாப்பிட்டு வளர்ந்த நிலத்தில் பாதி அவளுடையது. அவள் காலத்துக்குப் பிறகு அது பங்காளி பாகமாக எங்கள் பக்கம் சேர்ந்திருக்கிறது. நிலம் வந்தது, அவள் பெயர் வரவில்லை. குழந்தை இல்லாதவளானதால் எவருடைய தர்ப்பண வரிசையிலும் இல்லை. பிறந்த ஊர் எது என்று ரிஜிஸ்டர் சொல்லவில்லை. எத்தனை வருஷம் இருந்தாள், யார் சோறு போட்டார்கள் என்றும் இல்லை. அந்த வருஷம் மஹாளயத்தில் காருணிக பித்ருக்களோடு அவள் பெயரையும் சேர்க்கலாமா என்று வாத்தியாரைக் கேட்டேன். "பேஷாகச் சேர்க்கலாம்" என்றார். என் தம்பி, "நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு எதற்கு அண்ணா இதெல்லாம்?" என்றான். அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வருஷம் அவனும் அந்தப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டான்.

கெமிஸ்ட்ரி படித்தவன் என்பதால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் காலத்து மை, டானின் சத்தும் அன்னபேதியும் கலந்து செய்தது. அதிலுள்ள அமிலம் மெல்ல மெல்லக் காகிதத்தைத் தின்னும். சில இடங்களில் எழுத்து இருந்த கோட்டில் ஓட்டைதான் இருக்கிறது. மெல்லிய திசுத்தாள் ஒட்டிச் செப்பனிடுகிறார்கள். பொறுமையான வேலை. விரலை எச்சில் தொட்டுப் புரட்டுகிற நம் பழக்கத்தைத் தயவுசெய்து வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பென்சில் எடுத்துப் போங்கள், பேனா வேண்டாம். விண்ணப்பம், அடையாளச் சான்று இரண்டும் வேண்டும். ஒரே நாளில் முடியும் என்று மாலை ரயிலுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.

பாலக்காட்டுக்காரர்கள் கோழிக்கோடு போக வேண்டும். மலபார் 1956 வரை மதராஸைச் சேர்ந்ததுதான் என்றாலும் மலபார் கலெக்டர் ஆபீஸ் ரிக்கார்டுகள் அங்குள்ள வட்டார ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. திருவிதாங்கூர் வழி வந்தவர்களுக்குத் திருவனந்தபுரம். புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம், அதன் கணக்கே தனி. தஞ்சை மராட்டிய ராஜாக்களின் அரண்மனைக் காகிதங்கள் மோடி லிபியில் உள்ளவை. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. மும்பை, புனே அங்கத்தினர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே மராட்டி படிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மோடியும் கற்றுக்கொண்டால் எத்தனையோ குடும்பங்களுக்கு உபகாரம்.

ஊர் வீட்டை விற்கிறவர்கள் பரணில் இருக்கும் தகரப்பெட்டியைப் பழைய பேப்பர்காரனிடம் போடுமுன் ஒரு தரம் திறந்து பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது தாத்தா காலத்துப் பத்திரம் எது இருந்தாலும் ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். சர்வே நம்பர் எந்த மூலையில் எழுதியிருக்கிறது என்று நான் காட்டித் தருகிறேன்.