ஒரு கிளை, ஒரு கன்று, ஒரு கிழங்கு

தேர்வாய் கண்டிகை என்றதும் சிப்காட் தொழிற்பேட்டையும், கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்து 2020 நவம்பரில் திறக்கப்பட்ட நீர்த்தேக்கமும்தான் நினைவுக்கு வரும். இந்த வட்டாரத்தில் வாடகை வீட்டில் குடியிருப்பவருக்குத் தோட்டம் என்றால் மாடிப்படி ஓரமும் ஜன்னல் திட்டும்தான். அந்த அளவு இடத்திலேயே ரம்பை, எலுமிச்சைப் புல், பேரரத்தை போன்ற தென்கிழக்காசியச் சமையல் செடிகளை வளர்க்க முடியும். அதற்குப் பெரிய செலவோ தனித் திறமையோ தேவையில்லை. வேர் பிடிக்கக்கூடிய ஒரு துண்டும், அதைக் கொடுக்க ஓர் அண்டை வீடும் போதும். காரணம், இவற்றில் பெரும்பாலானவை விதையை நம்பி வாழ்பவை அல்ல. ஒருவர் கிள்ளி இன்னொருவருக்குக் கொடுப்பதால் வாழ்பவை.

இதற்கு முதல் சாட்சி ரம்பை. நம் கடலோரத் தாழைக்கு உறவான செடி இது. இலங்கையில் கறிவேப்பிலையோடு சேர்த்துத் தாளிப்பார்கள். சிங்கப்பூர், மலேசியாவில் தேங்காய்ப் பால் சோற்றில் முடிந்து போடுவார்கள். பாஸ்மதி அரிசிக்கு மணம் தருகிற அதே 2-அசிட்டைல்-1-பைரோலின்தான் ரம்பைக்கும் மணம் தருகிறது. அந்த மணம் காற்றில் எளிதில் கரைந்துவிடும் என்பதால் காய்ந்த இலையில் அது வெகுவாகக் குறைந்துவிடும். பறித்த கையோடு உலையில் போட்டால்தான் ரம்பை ரம்பையாக இருக்கும். அதனால் கடையில் வாங்குவதைவிட வீட்டில் வைத்திருப்பதே பயன். இந்தச் செடி பூப்பதே மிக அரிது, விதை கிடைக்காது. இன்று வீடுகளில் இருக்கும் ரம்பை ஏறக்குறைய ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பிரித்துக் கொடுத்த கன்றின் வழி வந்தது. தாய்ச்செடியின் அடித்தண்டைப் பாருங்கள்: இலை பிரியும் இடங்களில் பக்கக் கன்றுகள் முளைத்திருக்கும், அவற்றின் அடியில் வெள்ளை வேர்கள் காற்றிலேயே நீண்டிருக்கும். வேர் விட்ட கன்றைக் கத்தியால் அறுத்து எடுத்து, இலைகளைப் பாதியாக நறுக்கிவிட்டு நட வேண்டும். இலையைக் குறைப்பது ஏனென்றால், புது வேர் உறிஞ்சுவதைவிட அதிக நீரை முழு இலை வெளியே விட்டுவிடும்.

மற்றவையும் இதே வழிதான். எண்ணெய் எடுக்கக் கேரளத்தில் பயிரிடும் எலுமிச்சைப் புல் விதையிலும் வளரும். அதற்கென்றே ஓடக்காலியில் 1951 முதல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் சமையலுக்கு உதவுவது தடித்த தண்டுள்ள இன்னொரு இனம். அது பூப்பது அரிது. தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும். காய்கறிக் கடையில் வாங்கும் தண்டின் அடிக்கட்டை அறுபடாமல் இருந்தால், தண்ணீரில் நிறுத்திச் சில வாரங்களில் வேர் காணலாம். பேரரத்தையைக் கணு உள்ள பச்சைக் கிழங்காக நட வேண்டும். நாட்டு மருந்துக் கடையின் காய்ந்த துண்டு முளைக்காது. தாய்லாந்துத் துளசி என்று பெயர் போட்டு விற்பது நம் திருநீற்றுப்பச்சிலையின் இனமே. பூக்காத கிளையைக் கிள்ளித் தண்ணீரில் வைத்தாலே வேர் விடும். இந்தக் கூட்டத்தில் இரட்டை இலை எலுமிச்சை மட்டும் சற்றுக் கடினம். விதையிலிருந்து பலன் தரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் ஒட்டுக் கன்று வாங்குவதே மேல்.

அக்னி நட்சத்திர வெயிலில் மழைக்காட்டுச் செடி பிழைக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் செடிகளைக் கொல்வது பெரும்பாலும் நேர் வெயிலும் காய்ந்த மண்ணும்தான். வெப்பத்தை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ரம்பையையும் பேரரத்தையையும் முருங்கை நிழலிலோ வீட்டின் கிழக்குப் பக்கத்திலோ வைத்து, சித்திரை வைகாசியில் நிழல் வலை கட்டினால் தாங்கும். எலுமிச்சைப் புல் முழு வெயிலைக் கேட்கும் செடி. தண்ணீருக்கு அரிசி கழுவிய நீரும் காய்கறி அலசிய நீரும் போதும். ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் நீரை மட்டும் தொட்டிகளுக்கு ஊற்றாதீர்கள். அதில் சேரும் உப்பு இலை நுனியைக் கருக்கிவிடும். ஆடியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். மழை நாளில் தொட்டியில் நீர் தேங்கினால் அரத்தைக் கிழங்கு அழுகும். எனவே அடியில் துளையும் மேலே மணல் கலந்த செம்மண்ணும் அவசியம்.

நமக்குக் கறிவேப்பிலை இருக்க, அயல்நாட்டு இலை எதற்கு என்பது அடுத்த கேள்வி. மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது. இன்று அதில்லாமல் நம் குழம்பு இல்லை. ரம்பையோ கடல் கடந்த தமிழர் வீடுகளில் ஏற்கெனவே நம் சமையலாகிவிட்டது. பக்கத்துக் கும்மிடிப்பூண்டியிலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அவர்கள் விட்டுவந்த ஊரின் சமையலில் இது அன்றாட இலை. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஒரே தாயின் துண்டுகள் எல்லாமே ஒரே மாதிரி என்பதால், ஒன்றுக்கு வரும் நோய் எல்லாவற்றையும் தாக்கலாம். கைமாறும் கன்றோடு மாவுப்பூச்சியும் கைமாறலாம். இதை மறுக்க முடியாது. ஆனால் இது பகிர்வதைக் கைவிடச் சொல்லும் காரணம் அல்ல, கவனமாகப் பகிரச் சொல்லும் காரணம். வந்த கன்றை வேர்வரை கழுவி, இரண்டு வாரம் மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். ஒரே வீட்டில் ஒரே செடி இருப்பதைவிட, பத்து வீடுகளில் பத்துச் செடிகள் இருப்பதே பாதுகாப்பு. ஒரு வீட்டில் பட்டுப்போனால் அடுத்த வீடு திரும்பத் தரும்.

ஆகவே வேண்டுகோள் ஒன்றுதான். வரும் ஆடியில் உங்கள் தெருவில் ஒரு வீடு ரம்பையையும், ஒரு வீடு எலுமிச்சைப் புல்லையும், ஒரு வீடு பேரரத்தையையும் நடட்டும். முதல் கன்று வேர் விட்டதும் அதை விற்காமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். ஆலை வேலைக்காக வந்து குடியேறியவருக்கும் ஒன்று கொடுங்கள்.