விழித்திரையைப் படிக்கும் இயந்திரம்



1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, விளவங்கோடு சென்னை இராச்சியத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் அதியன்னூர், பாறசாலைப் பகுதித் தமிழர் தம் ஊரைவிட்டு நகராமலே பிற மாநிலத்தவராயினர். மும்பையிலும் பெங்களூரிலும் குடியேறிய நேயர்களுக்கு அவர்கள் நிலை புதிதன்று. உடல்நலக் குறைவு வந்தால், வேற்றுமொழியில் எழுதிய சீட்டை ஏந்தி நிற்பது இருவர்க்கும் பொது.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, கேரளத்தில் வயது வந்தோருள் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்குமேல் நீரிழிவுடையோர் என்கிறது. இந்நோய் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களை மெல்லச் சிதைக்கும். நோவில்லை, நெடுநாள்வரை பார்வையும் குன்றுவதில்லை. குன்றியபின்னரோ, இழந்ததைப் பெரும்பாலும் மீட்க இயலாது. “கண் நன்றாகத்தானே தெரிகிறது, எதற்குப் பரிசோதனை?” என்று கேட்பவரே மிகுந்த அபாயத்தில் இருக்கக்கூடும்!

ஊர்தோறும் கண் மருத்துவரை அமர்த்த எந்த அரசாலும் ஆகாது. ஆகவே, 2018-ஆம் ஆண்டளவில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ‘நயனாமிருதம்’ என்னும் திட்டம் தொடங்கிற்று. குடும்ப ஆரோக்கிய நிலையத்துச் செவிலியர் விழித்திரையைப் படம் பிடிப்பர். தலைநகரிலுள்ள மண்டலக் கண் மருத்துவ நிறுவனத்தார் அதைப் பார்த்துச் சொல்வர். 2025-இல் இத்திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், படத்தைப் படிக்கச் செயற்கை நுண்ணறிவும் சேர்க்கப்பட்டது.

இயந்திரம் எங்ஙனம் படிக்கக் கற்றது? 2016-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்றில், 1,28,175 விழித்திரைப் படங்களை மருத்துவர்கள் தரம்பிரித்துக் கொடுக்க, அவற்றிலிருந்து கணிப்பொறி நோய்க்குறிகளைப் பழகிக்கொண்டது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் அவற்றுள் உண்டு. நம்மவர் கண்களே அதற்கு அரிச்சுவடியாயின என்று சொல்லலாம்.

எனினும் தாய்லாந்தில் நிகழ்ந்ததையும் சொல்லவேண்டும். அங்குள்ள சிற்றூர் மருத்துவ நிலையங்களில் இத்தகைய கருவியைப் புகுத்தியபோது, ஐந்தில் ஒரு பங்குக்குமேற்பட்ட படங்களை அது தெளிவில்லையென்று தள்ளிவிட்டதாக 2020-இல் வெளியான அறிக்கை கூறுகிறது. அறையின் வெளிச்சமே பலவற்றுக்குக் காரணம். தள்ளப்பட்டவர் பிறிதொரு நாள், பிறிதொரு மருத்துவமனைக்குச் செல்லவேண்டியதாயிற்று. அன்றாடக் கூலியில் பிழைப்பவருக்கு அந்த இன்னொரு நாள் எளிதில் வாய்க்குமா? என் கருத்தில், கருவியின் கூர்மையைவிட இதுவே பெரிய கேள்வி. குறை கண்டவர் லேசர் சிகிச்சைக்கோ ஊசிக்கோ போய்ச் சேராவிடில், கண்டறிந்தும் பயனில்லை.

ஆதலால், நீரிழிவுடைய நேயர்கள் எந்த மாநிலத்தில் இருப்பினும், ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைச் சோதனையைக் கேட்டுப் பெறுங்கள். முடிவு கைக்கு வந்ததும், என்ன கண்டார்கள், எங்கே செல்லவேண்டும், எத்தனை நாளுக்குள் என்று வாய்திறந்து வினவுங்கள். அவ்வூர் மொழி எழுத்து வாராதவர், படிக்கத் தெரிந்த பிள்ளையொன்றை உடன் அழைத்துச் செல்க.