ஏட்டில் ஏறாத பயணம்

ஒரு குடும்பத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் நாடுவன பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, தோட்டத்துச் செக்ரோல் முதலியனவே. இவை பெயரையும் திகதியையும் தரும். பிரிந்து சென்றவர் எதை விட்டுச் சென்றார், யாரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார் என்பவற்றைக் கூறமாட்டா. அவற்றைப் பட்டறிந்தவரின் வாய்மொழியாலேயே அறியலாகும்.

இதற்கு மலையகத் தமிழரின் வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாகும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபரிற் செய்யப்பட்ட சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 150,000 பேரைச் சரிபாதியாக ஏற்பதென 1974இல் முடிவாயிற்று. கணக்கு நேராயிற்று, குடும்பங்களோ பிளவுபட்டன. அண்ணன் கூடலூரிலும் தங்கை ஹற்றனிலுமாக வாழ நேர்ந்தது. அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற புகைவண்டியை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றனர். அப்பெயர் எந்த உடன்படிக்கையிலும் இல்லை; கேட்டோர் செவியிலும் சொன்னோர் நாவிலுமே வாழ்ந்தது.

வாய்மொழியை அப்படியே வரலாறாகக் கொள்ளலாமோ எனச் சிலர் ஐயுறுவர். ஐயம் நியாயமானதே. 1970களிற் சென்ற ஒரு மூதாட்டி, தாம் தனுஷ்கோடியிற் கரையிறங்கியதாகக் கூறுகிறார் என்று கொள்வோம். 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது. அதன் பின்னர் 1984 வரை கப்பல் சென்றது இராமேசுவரத்திற்கே. ஆகவே மூதாட்டி பொய் கூறினார் என முடிவு செய்தல் தகாது. அவருடைய தந்தையார் முன்னொருகால் தனுஷ்கோடி வழியாக இலங்கைக்கு வந்த கதை, மகளின் பயணத்தோடு கலந்திருக்கலாம். கடவுச்சீட்டின் முத்திரையை ஒப்புநோக்கின் இரு தலைமுறைகளின் இரு பயணங்கள் வெளிப்படும். நினைவின் பிழையும் இவ்வாறு ஒரு செய்தியைத் தருகின்றது.

கேட்கும் முறையிலேயே பயன் தங்கியுள்ளது. ஆண்டைக் கேட்டால் முதியோர் தடுமாறுவர். வழியில் உண்டது என்ன, தகரப் பெட்டியில் வைத்தது என்ன, நிலையத்திற்கு வந்தவர் யாவர் எனக் கேட்டால் நினைவு தானே ஊறும். அவர் பேசிய மொழியைத் திருத்தாது, உள்ளவாறே எழுதுதல் வேண்டும்.

துயர நினைவுகளைக் கேட்போர்க்கு இன்னுமொரு கடமை உண்டு. சொல்வோர் இடையிலே மௌனமானால், அம்மௌனத்தை மதித்துக் காத்திருத்தல் வேண்டும், வற்புறுத்தல் ஆகாது. பதிவுக்கு அவருடைய இசைவு வேண்டும். மறைக்க விரும்பும் பெயரை மறைக்கும் உரிமையும், விரும்பாதபோது நிறுத்தும் உரிமையும் அவருக்கே உரியன. பழைய புண்ணைக் கிளறிவிட்டு எழுந்து போதல் அறமாகாது. உரையாடல் முடிந்த பின்னரும் சிறிது நேரம் உடனிருத்தல் நன்று.

அன்று இளைஞராய்க் கோச்சியேறியோர் இன்று முதுமையின் எல்லையில் நிற்கின்றனர். கைத்தொலைபேசியே ஒலிப்பதிவுக் கருவியாய் அமைந்த இந்நாளிற் கருவியில்லை எனக் கூற இடமில்லை. நேயர்கள் தம் இல்லத்து முதியோரின் அருகே ஒரு மாலைப்பொழுது அமர்வார்களாயின், எந்தப் பதிவேட்டிலும் காணக்கிடையாத வரலாறு அவர்தம் பேரப்பிள்ளைகளுக்குக் கிட்டும்.