கூப்பன் மட்டையும் பச்சை அட்டையும்
(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)

பலகாரம் ஆறுமுன் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன்.

சாப்பாட்டுக்கு அரசாங்கத்திடம் கை நீட்டுவதா என்று எங்கடை ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். ஊரிலே கூப்பன் மட்டையோடை சங்கக்கடை வரிசையில் நிண்ட நாங்கள்தானே! இலங்கையில் 1979 இல் பங்கீட்டு அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. அதைப் பிச்சை என்று நாங்கள் நினைக்கவில்லை. இங்கே உள்ளதும் அதே வகைதான். முத்திரை போய் அட்டை வந்தது. 2008 இல் பெயர் ஸ்நாப் என்று மாறியது. கலிபோர்னியாவில் கால்பிரெஷ் என்பார்கள். ரெக்சாசில் லோன் ஸ்டார் அட்டை தருவார்கள்.

ஆனால் இந்தக் கதவு ஒரே மாதிரித் திறந்திருந்ததில்லை. 1996 ஆகஸ்ட் சட்டம் பச்சை அட்டைக்காரரில் பெரும்பாலோரை வெளியே விட்டது. அகதிகளுக்கு ஐந்து வருடம் மட்டும் தந்தது. 1998 இல் அது ஏழு வருடமாயிற்று. 2002 சட்டம் அகதிகளுக்கு அந்த வருடக் கணக்கையே எடுத்து விட்டது. பச்சை அட்டையுள்ள பிள்ளைகளுக்கும் காத்திருப்பு இல்லாமல் போனது. இருபது வருடத்துக்கு மேல் அப்படியே இருந்தது. 2025 ஜூலை 4 இல் கையெழுத்தான சட்டமோ, அகதி என்றோ தஞ்சம் கிடைத்தவர் என்றோ கடிதம் இருந்தால் மட்டும் போதாது, பச்சை அட்டை வேண்டும் என்கிறது.

ஆகவே மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று, அகதியாக வந்தோ தஞ்சம் கிடைத்தோ ஒரு வருடம் முடிந்தால் பச்சை அட்டைக்கு விண்ணப்பியுங்கள், தள்ளிப் போட வேண்டாம். உணவு உதவி வாங்கினால் அது கிடைக்காது என்று யாரும் பயங்காட்டினால் நம்பாதேங்கோ. 'அரசுக்குச் சுமை' என்ற விதியிலிருந்து அகதிகளுக்கும் தஞ்சம் பெற்றவர்களுக்கும் சட்டமே விலக்குத் தந்திருக்கிறது.

இரண்டு, தாய் தகப்பனுக்குத் தகுதி இல்லையென்றாலும், இங்கே பிறந்த பிள்ளை இந்த நாட்டுப் பிரசை. வீட்டு வருமானம் கணக்குக்குள் வந்தால் பிள்ளைக்காக விண்ணப்பிக்கலாம். பள்ளிக்கூட மதியச் சாப்பாட்டுக்கு விசா கேட்பதில்லை.

மூன்று, புதுப்பிக்கச் சொல்லி வருகிற கடிதத்தை மேசையில் போட்டு வைக்காதேங்கோ. பதில் போகாவிட்டால் உதவி நிண்டுபோம். இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைகளே, இந்தக் கிழமை உங்கள் அம்மம்மாவோடை, பக்கத்து வீட்டு மாமாவோடை இருந்து அந்தக் கடிதங்களை வாசித்துச் சொல்லுங்கோ. அதுதான் நீங்கள் அவர்களுக்குக் கொடுக்கும் கைவிசேஷம்.