மண்ணை வரைந்தவரும் மண்ணுக்கு உரியவரும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவையொட்டி மாணவர்க்கு நடத்தப்பெற்ற ஓவியப் போட்டிக்கு நடுவராக இருக்குமாறு செயலாளர் நம்மைப் பணித்தார். ‘எங்கள் ஊர்’ என்பது தலைப்பு. வந்த படங்களுள் பெரும்பாலானவற்றில் இரண்டு மலைகள், நடுவே எழுஞாயிறு, ஓர் ஆறு, இரண்டு தென்னை, ஓட்டுவீடு, கோபுரம். நம் ஊரில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. ஒரு சிறுமி மட்டும் நம் காலனிக் குழாயடியை வரைந்திருந்தாள். வரிசையாகக் குடங்கள், ஈரம் காயாத பள்ளம், மின்கம்பத்தில் சாய்த்து வைத்த சைக்கிள். உண்மையைச் சொல்லிவிடுகிறோம். அப்படத்தை நாம் முதலில் ஒதுக்கி வைத்தோம். ‘இது கிராமக் காட்சி ஆகாதே’ என்று எண்ணினோம். வீடு திரும்பும் வழியில், ஆஸ்திரேலிய நாட்டு வரலாறு ஒன்று நினைவுக்கு வந்து நம்மைக் குற்றவாளியாக்கியது. அதனையே இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி செம்மண் பரந்த வறள்நிலம். ‘அவுட்பேக்’ என்பர். கடற்கரை நகரங்களிலிருந்து பல நூறு மைல் தள்ளி, ஆட்டுப்பண்ணைகளும் மாட்டுப்பண்ணைகளும் சுரங்க ஊர்களும் அங்கு உள்ளன. இந்நிலத்தையும் இதன் வாழ்வையும் ஓவியமாகப் போற்றுவது அந்நாட்டார் வழக்கம். சிட்னியில் சிறந்த நிலக்காட்சி ஓவியத்துக்கு ‘வின்’ பரிசு 1897 முதல் வழங்கப்படுகிறது. உள்நாட்டு ஊர்களும் தத்தம் வட்டாரப் போட்டிகளை நடத்துகின்றன. பிரோக்கன் ஹில் என்னும் சுரங்க ஊரில், சுரங்கத் தொழிலாளியாயிருந்து ஓவியரான புரோ ஹார்ட் (1928–2006) பெயராலேயே ஒரு பரிசு ஏற்பட்டது. காற்றாலை, வெள்ளைப்பட்டை யூக்கலிப்டஸ், மந்தை ஓட்டும் குதிரைவீரன் ஆகியவை அத்தகைய ஓவியங்களில் நாம் மிகுதியாகக் காணும் பொருள்கள்.

அழகிய வழக்கமே. ஆயினும் ஒரு வினா எழுகிறது. அம்மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த ஆதிக்குடிகள் அந்தச் சட்டத்துக்குள் எங்கே நின்றார்கள்?

இளைஞர்களே, ஆல்பர்ட் நமட்ஜிரா என்னும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அரன்டா இனத்தைச் சேர்ந்த இவர் 1902-இல் ஹெர்மன்ஸ்பர்க் என்னும் கிறித்தவ ஊழியக் குடியிருப்பில் பிறந்தார். ரெக்ஸ் பேட்டர்பி என்னும் வெள்ளைய ஓவியருக்கு 1936-இல் ஒட்டகம் ஓட்டி வழிகாட்டியவர், கூலிக்குப் பதிலாக நீர்வண்ணம் தீட்டும் கலையைக் கற்றார். 1938-இல் மெல்போர்ன் நகரில் இவருடைய முதல் தனிக் கண்காட்சி நடந்தது. படங்கள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. 1953-இல் அரசியின் முடிசூட்டு விழாப் பதக்கம். 1954-இல் அரசியுடன் நேரிற் சந்திப்பு. நகர மக்கள் தம் வரவேற்பறைகளில் இவர் படங்களை மாட்டி மகிழ்ந்தனர்.

இத்துணைப் புகழ் பெற்றவர் மாடு வளர்க்க நிலம் குத்தகைக்குக் கேட்டார், மறுத்தனர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் வீடு கட்ட மனை வாங்க முயன்றார், அதையும் மறுத்தனர். அவர் வரைந்த மண்ணுக்கு விலை உண்டு. அம்மண்ணில் அவருக்கு ஒரு முழம் இடம் இல்லை. 1957-இல்தான் அவருக்கும் அவர் மனைவிக்கும் முழுக் குடியுரிமை கிடைத்தது. அதுவும் அவர்களுக்கு மட்டும். மக்களுக்கும் உறவினர்க்கும் இல்லை. தம் இனத்தாருக்கு மது கொடுத்தார் என்று 1958-இல் வழக்குத் தொடுத்தனர். ஆறு மாதத் தண்டனை மேல்முறையீட்டில் மூன்றாகக் குறைந்தது. பாப்புன்யா என்னும் அரசுக் குடியிருப்பில் இரண்டு மாதம் கழித்தபின் விடுதலையானார். 1959 ஆகஸ்டில் மறைந்தார். நோய் அவரைக் கொண்டு சென்றது என்பர். மனம் ஒடிந்த மனிதனை நோய் எளிதில் வெல்லும் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லோம்.

இங்குதான் முதற்பாடம். பாராட்டு வேறு, உரிமை வேறு. கைதட்டல் கேட்டதும் கதவு திறந்துவிட்டது என்று கருதுதல் பேதைமை.

அதே பாப்புன்யாவுக்கு 1971-இல் ஜெப்ரி பார்டன் என்னும் இளம் ஓவிய ஆசிரியர் வந்து சேர்ந்தார். பல இனத்தவரை ஓரிடத்தில் அடைத்த அக்குடியிருப்பின் பள்ளியில், பிள்ளைகள் மணலில் வட்டமும் வளைகோடும் இட்டுக் கதை சொல்வதைக் கண்டார். ‘இவற்றையே வரையுங்கள்’ என்றார். அது கேட்டுப் பெரியவர்களும் முன்வந்தனர். அவர்களுட் சிலர் அப்பள்ளியிலேயே வெளிவேலை பார்த்தவர்கள். பள்ளிச் சுவரில் தம் முன்னோர் கதையாகிய தேனெறும்பைத் தீட்டத் தொடங்கினர். தலைமை ஓவியர் காபா ஜம்பிஜின்பா முதலில் வெள்ளையர் பாணியில் எறும்பை வரைந்தார். இது உங்கள் எறும்புதானா என ஆசிரியர் வினவவே, அதனை அழித்துத் தம் மரபுக் குறிகளால் மீண்டும் வரைந்தார். ஆசிரியத் தொழிலில் தலைநரைத்த நாம், அவ்வொரு கேள்வியைக் கேட்கத் தெரிந்த அந்த இளைஞரை வணங்குகிறோம்.

அவ்வாண்டு ஆகஸ்டில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வட்டார ஓவியப் போட்டி நடந்தது. காபாவின் ‘குல்கார்டி’ என்னும் படம் அதில் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்டது. அதில் மலையும் இல்லை, மரமும் இல்லை. சடங்கின் குறிகள் இருந்தன. செய்தி பாப்புன்யாவை எட்டியதும் ஊரே எழுந்தது. மரப்பலகைத் துண்டுகள், கிடைத்த அட்டைகள் எல்லாவற்றிலும் தீட்டினர். 1972-இல் ஓவியர்களே உரிமையாளராகிய ‘பாப்புன்யா துலா’ நிறுவனம் பிறந்தது. எதை வெளியார்க்குக் காட்டலாம், எதைக் காட்டலாகாது என்பதையும் பின்னர் அவர்களே ஆலோசித்து முறைப்படுத்திக்கொண்டனர். பள்ளிச் சுவரிலிருந்த அந்த ஓவியத்தின்மீதோ 1974-இல் வண்ணம் பூசி மறைத்துவிட்டார்கள். சுவரை மறைத்தார்கள், இயக்கத்தை மறைக்க முடியவில்லை. பாப்புன்யா ஓவியர் மைக்கேல் நெல்சன் ஜகமாராவின் வடிவமைப்பே, 1988-இல் திறக்கப்பெற்ற கான்பெரா நாடாளுமன்றத்தின் முன்றிலில் கற்பதிப்பாக அமைந்தது. ‘வின்’ பரிசை 1999-இல் குளோரியா பெட்யாரி என்னும் ஆதிக்குடிப் பெண்மணி வென்றார்.

இவற்றினும் பெரியது ஒன்று உண்டு. மேற்கு ஆஸ்திரேலியப் பெருமணற் பாலையின் மக்கள் 1997-இல் தம் நில உரிமையை மெய்ப்பிக்கப் பத்து மீட்டர் நீளமும் எட்டு மீட்டர் அகலமும் உள்ள துணியில் தம் நாட்டைத் தீட்டினர். இன்னாரின் நீர்க்குழி இது, இன்னாரின் நிலம் இது என்று அதன்மீது நின்று தீர்ப்பாயத்தின்முன் எடுத்துரைத்தனர். பத்தாண்டு கழித்து, 2007-இல், அவர்தம் உரிமை ஏற்கப்பட்டது. ஓவியமே அவர்களுக்குப் பட்டாவாயிற்று! பட்டா என்னும் சொல்லின் எடையை நம் சமுதாயத்துக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

மற்றொரு பாடத்தையும் விட்டுவிடலாகாது. நமட்ஜிரா ஓவியங்களின் பதிப்புரிமையை அவர் குடும்பத்தாரைக் கேளாமல் அரசு அறங்காவலர் 1983-இல் 8,500 டாலருக்கு விற்றுவிட்டார். நெடிய போராட்டத்திற்குப் பின் 2017-இல்தான் அது குடும்ப அறக்கட்டளைக்குத் திரும்பியது. திறமை மட்டும் போதாது. தாளைப் படித்தறியும் கல்வியும், ஒன்றுகூடிக் கேட்கும் சங்கமும் வேண்டும். அதற்காகத்தான் நம் முன்னோர் பிடியரிசி சேர்த்து இச்சங்கத்தை வளர்த்தனர்.

1956-இல் வில்லியம் டார்கி என்னும் வெள்ளைய ஓவியர் நமட்ஜிராவின் உருவத்தை வரைந்து ‘ஆர்ச்சிபால்ட்’ பரிசு பெற்றார். 2020-இல் நமட்ஜிராவின் கொள்ளுப்பேரன் வின்சென்ட் அதே பரிசைத் தம் தூரிகையால் வென்றார். பிறர் வரைய உட்கார்ந்திருந்த குடும்பம் தானே வரைந்து பரிசு பெற 64 ஆண்டுகள் ஆயின.

இனி நம் வீட்டுக்கு வருவோம். அச்சிறுமியின் படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். குடங்களுள் ஒன்று மட்டும் வரிசையை விட்டுத் தள்ளி நின்றது. ஏன் என்று கேட்டோம். “அது எங்க ஆயா குடம் ஐயா, அவங்களால ரொம்ப நேரம் நிக்க முடியாது, எல்லாரும் முன்னாடி விடுவாங்க” என்றாள். நாற்பது மலைகளும் நாற்பது சூரியன்களும் சொல்லாத ஊரை அந்த ஒரு குடம் சொல்லிற்று. முதற்பரிசை அவளுக்கே அளிக்கப் பரிந்துரைத்துள்ளோம். அதற்கு முன் அவளிடம் நம் பிழையையும் ஒப்புக்கொண்டோம்.

அப்படத்தைச் சட்டமிட்டு நம் படிப்பகச் சுவரில் மாட்டுமாறு செயற்குழுவை வேண்டுகிறோம். இளைஞர்களே, நம் தெருவை நாமே வரைவோம். நம் வரலாற்றை நாமே எழுதுவோம். நாம் வரையாவிடில் நம் ஊர்ப் படத்தில் நம் தெரு இராது.