கையெழுத்து பார்க்கும் அணுக்கள்

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)

நான் படித்தது பி.காம்., பார்த்தது வங்கி வேலை. தவறு இருந்தால் இங்குள்ள டாக்டர்கள் திருத்தலாம்.

காசோலை வந்தால் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுத்தான் பணம் கொடுப்போம். நம் ரத்தத்திலும் அப்படி ஒரு கிளார்க் உண்டு. 'இயற்கைக் கொல்லி' என்ற வெள்ளணு. நம் செல்களில் பெரும்பாலானவற்றின் மேல் ஹெச்.எல்.ஏ. என்ற புரதம் கையெழுத்து மாதிரி இருக்கிறது. வெள்ளணுவின் ஏற்பி அதைத் தொட்டுப் பார்க்கும். சரியாக இருந்தால் விட்டுவிடும். வைரஸ் புகுந்த செல்லும் புற்றுநோய் செல்லும் பல சமயம் இந்தக் கையெழுத்தை மறைத்துவிடும். அங்கேதான் சந்தேகம் வந்து, தாக்குதல் தொடங்கும். 1980களில் ஸ்வீடன் விஞ்ஞானி கிளாஸ் கேரே சொன்ன கருத்து இது.

கையெழுத்துக்கான மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில். அதைப் பார்க்கும் 'கிர்' ஏற்பிகளுக்கானவை 19ஆம் குரோமோசோமில். இரண்டும் பிள்ளைகளுக்குத் தனித்தனியாக வருகின்றன. கையெழுத்தில் பாதி அப்பாவுடையது, பாதி அம்மாவுடையது. அதனால் கூடப்பிறந்த ஒருவருக்கு அது முழுதாகப் பொருந்த 4இல் 1 வாய்ப்புதான்.

என் அக்கா மகனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, ஸ்டெம் செல் மாற்ற வேண்டும் என்றார்கள். தம்பி, தங்கை இருவருடையதும் பொருந்தவில்லை. முகம் தெரியாத ஒருவருடையது பொருந்தியது. இன்று அவன் வேலைக்குப் போகிறான்.

18 வயது நிரம்பிய நம் பிள்ளைகள் கொடையாளர் பதிவேட்டில் பெயர் கொடுக்கட்டும். பதிவுக்குக் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும்.