பிறையாய் நின்ற காலை ஞாயிறு



2016 மார்ச் 9ஆம் நாள், சிங்கப்பூரில் கதிரவன் எழுந்த சில நிமிடங்களில், காலை 7.22 மணிக்கு நிலவு அதன் விளிம்பைத் தொட்டது. 8.23 மணியளவில் பெரும்பகுதி மறைந்து, பிறையொன்றே எஞ்சியது. சுமத்திராவின் பலெம்பாங் நகரோ முழு மறைப்பின் இருளில் ஆழ்ந்தது.

காலை ஞாயிற்றை வெறுங்கண்ணால் கண்டு பழகியவர்கள் நாம். அப்பழக்கமே அன்று பகையாகும். அடிவானத்தில் கதிரொளி மிகுதியான காற்றைக் கடந்து வருவதால் மங்கித் தோன்றுகிறது. சற்றே உயர்ந்ததும், எஞ்சிய பிறையும் விழித்திரையைச் சுடவல்லது. விழித்திரை வலியை உணராது. ஆதலின் தீங்கு நேர்வதை நாம் அறியோம்.

இதற்கஞ்சி மாணவரை அறைக்குள் அடைத்தல் கல்வியாகாது. அட்டையில் ஊசித்துளையிட்டு, கதிரவனுக்கு முதுகு காட்டி நின்று, வெண்தாளில் விழும் பிறையைக் காட்டுவோம். இலைகளின் இடுக்குகளும் அத்தகைய பிறைகளைச் சுவரில் வரையும்.

அவ்வேளையில் சொல்லையும் கற்பிப்போம். கிரகணம் என்னும் வடசொல்லுக்குப் பற்றுதல் என்பது பொருள். பாம்பு கதிரவனைப் பிடிக்கும் பழங்கதைக்கு அது பொருந்தும். மறைப்பு என்போமாயின், மறைப்பது எது, மறைவது எது என்னும் வினா மாணவர் நாவில் தானே எழும். அவ்வினாவே அறிவியலின் வாயில்.

2031 மே 21ஆம் நாள் வளைய மறைப்பொன்று தமிழ்நாட்டையும் மலேசியாவையும் கடக்கவுள்ளது. அன்று நம் மாணவர் வெளியே நின்று, அஞ்சாது கண்டு, தமிழில் விளக்கவேண்டும். அதற்கு இன்றே ஆயத்தமாவோம்.